பழைய ஸ்விட்சைக் கழற்றிய இரவும் அதற்குப் பிந்தைய மூன்று வாரமும்

அலுவலகத்தின் கணினி, போன், கேமராக்களை ஒரே நெட்வொர்க்காக இணைக்கும் பழைய ஸ்விட்சை மாற்றும் வேலை. அதில், நேரடியாகக் கட்டளை கொடுக்க உதவும் கன்சோல் கேபிளைச் செருகி, எத்தனை நாளாக ஓடிக்கொண்டிருக்கிறது என்று பார்த்தேன். 6 ஆண்டு, 19 வாரம். பக்கத்தில் நின்ற ஜூனியர் தம்பி, "அண்ணே, ஒரு தடவைகூட ஆஃப் ஆகலையா!" என்று வியந்தான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆறு ஆண்டாக ரீஸ்டார்ட் ஆகாத பெட்டி என்றால், இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கான்ஃபிக்கும் (அமைப்பு வரிகள்) நிரந்தர நினைவகமான ஃப்ளாஷில் சேமித்து வைத்திருக்கும் கான்ஃபிக்கும் ஒன்றுதானா என்று ஆறு ஆண்டாக யாரும் சோதிக்கவில்லை என்று அர்த்தம்.

இரண்டையும் தனித்தனிக் கோப்பாக எடுத்து ஒப்பிட்டேன். மூன்று வரி வித்தியாசம் இருந்தது. அதில் ஒன்று, கேமராக்களுக்கென்று பிரித்த தனி நெட்வொர்க்கை, அதாவது விலானை, மேல் ஸ்விட்சுக்குப் போகும் இணைப்பான அப்லிங்கில் அனுமதிக்கும் வரி. யாரோ மாற்றிவிட்டு சேமிக்க மறந்திருக்கிறார்கள். அந்த யாரோ நானாகவும் இருக்கலாம். நடுவில் ஒரு முறை மின்சாரம் முழுதாகப் போயிருந்தால் கேமராக்கள் அத்தனையும் செத்திருக்கும். காரணம் தெரியாமல் நாங்கள் கேமராவைக் கழற்றிக்கொண்டிருப்போம். ஸ்விட்ச் மாற்றும் வேலை யாருக்கு வந்தாலும் முதலில் இந்த ஒப்பீட்டைச் செய்யுங்கள். பத்து நிமிட வேலை.

எங்கள் அமைப்பை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். மூன்று மாடிக் கட்டடம். நடுவில் இரண்டு கோர் ஸ்விட்ச். ஏ, பி என்று வைத்துக்கொள்வோம். சர்வர்கள் ஏ-யில். இணையத்துக்குப் போகும் ஃபயர்வாலும் பேக்கப் சர்வரும் பி-யில். இரண்டுக்கும் நடுவில் நேரடியாக ஒரு கிகாபிட் (வினாடிக்கு 1000 மெகாபிட்) இணைப்பு. மாடிகளில் இருக்கும் ஒவ்வொரு ஸ்விட்சும் ஏ-க்கு ஒரு கேபிள், பி-க்கு ஒரு கேபிள் என்று இரண்டு பக்கமும் இணைந்திருக்கும். ஒன்று போனால் இன்னொன்று. நான் மாற்றப் போனது முதல் மாடியில் இருந்த 48 போர்ட் ஃபாஸ்ட் ஈதர்நெட் ஸ்விட்ச். அதாவது போர்ட்டுக்கு 100 எம்பிபிஎஸ் (வினாடிக்கு 100 மெகாபிட்), மேலே போகும் அப்லிங்க் மட்டும் கிகாபிட். அதன் இடத்தில் வந்தது 36 கிகாபிட் போர்ட்டும் அதைவிட வேகமாகப் போகக்கூடிய 12 மல்டிகிகாபிட் போர்ட்டும் கொண்ட புதிய மாடல்.

போர்ட் கணக்கெடுப்புதான் தயாரிப்பில் அதிக நேரம் தின்றது. ரேக் கதவின் உட்புறம் ஒரு தாள் ஒட்டியிருந்தது, எந்தப் போர்ட்டில் எது என்று. அதை நம்பியிருந்தால் அம்போதான். "அக்கவுண்ட்ஸ் பிரிண்டர்" என்று எழுதியிருந்த போர்ட்டில் ஒரு கேமரா இருந்தது; "காலி" என்று இருந்ததில் வருகைப் பதிவு இயந்திரம். அதனால் தாளை விட்டுவிட்டு ஸ்விட்சையே கேட்டேன். எந்த மேக் முகவரி (ஒவ்வொரு கருவிக்கும் உரிய அடையாள எண்) எந்தப் போர்ட்டில் பேசுகிறது என்ற பட்டியல் அதனிடம் எப்போதும் இருக்கும். ஆனால் ஒரு கருவி வாய் திறக்காமல் 300 வினாடி இருந்துவிட்டால் பட்டியலிலிருந்து அதன் பெயர் போய்விடும். பெரும்பாலான ஸ்விட்சுகளில் இதுதான் கணக்கு. ஒரே ஒரு தடவை எடுத்த பட்டியலில் தூங்கும் பிரிண்டர் வராது. ஆகவே ஒரு வாரம், காலை, மதியம், இரவு என்று எடுத்து ஒன்றாகச் சேர்த்தேன். மேக் முகவரியின் முதல் பாதி தயாரிப்பாளரைக் காட்டிக்கொடுக்கும் என்பதால் கேமரா எது, போன் எது என்று ஓரளவு பிரிக்க முடிந்தது. 48-இல் 41 உயிரோடு இருந்தன. 5 போர்ட்டில் ஆறு ஆண்டாக ஒரு தரவுப் பாக்கெட்கூட வந்ததில்லை. மீதி இரண்டு, எப்போதாவது ஒரு முறை முனகின. அவற்றில் ஒன்று என்ன என்று தம்பி கேபிளைப் பிடித்துக்கொண்டே போய்ப் பார்த்தான்: யூபிஎஸ்ஸின் கண்காணிப்பு அட்டை. இன்னொன்று சுவருக்குள் போய் முடிந்துவிட்டது. அது இன்றும் தெரியாது.

அடுத்து கான்ஃபிக். பழையதை டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து, ஃபாஸ்ட் ஈதர்நெட் என்ற போர்ட் பெயர்களையெல்லாம் கிகாபிட் பெயர்களாக மாற்றி, புதிய ஸ்விட்சில் கன்சோல் வழியாக ஒட்டினேன். 600 சொச்சம் வரி. சரசரவென்று ஓடி முடிந்தது. ஓடி முடிந்த வேகத்தில் நடுவே எத்தனை வரியைப் புதிய ஸ்விட்ச் "புரியவில்லை" என்று தள்ளியது என்பதைக் கவனிக்கவில்லை. கன்சோல் 9600 வேகத்தில் இருந்தது. மொத்தமாக ஒட்டினால் எழுத்துகள் நடுவில் விழுந்துவிடும். போதாததற்கு, போன் குரலுக்கு முன்னுரிமை தரும் வரிகளின் இலக்கணமே புதிய மாடலில் வேறு. திரையில் வருவதை ஒரு கோப்பில் பதிவு செய்யும் வசதி எல்லா டெர்மினல் மென்பொருளிலும் உண்டு. அதை முதலிலேயே போட்டிருந்தால் பிழை வந்த வரிகளைத் தேடிப் பிடித்திருக்கலாம். மறுபடி உட்கார்ந்து, முப்பது முப்பது வரியாக, வரிக்கு வரி சிறு தாமதம் வைத்து ஒட்டினேன். 19 வரி தள்ளுபடி. ஒவ்வொன்றையும் கையால் எழுதினேன்.

கடைசியில் பழைய கான்ஃபிக்கையும் புதிய கான்ஃபிக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது வரிக்கு வரி பொருந்தியது. திருப்தியாக இருந்தது. அந்தத் திருப்திதான் என்னைக் கவிழ்த்தது.

ஏனென்றால், கான்ஃபிக் கோப்பில் இருப்பது யாரோ ஒருவர் தட்டச்சு செய்தது மட்டும்தான். யாரும் தொடாத அமைப்புகள், அதாவது தயாரிப்பாளரே வைத்து அனுப்பிய இயல்புநிலைகள், சாதாரணமாக அந்தக் கோப்பில் வருவதில்லை. ஒரு தலைமுறை மாடலிலிருந்து அடுத்த தலைமுறைக்குப் போகும்போது மாறுவதோ பெரும்பாலும் இந்த இயல்புநிலைகள்தான். பல ஸ்விட்சுகளில் கான்ஃபிக்கைக் காட்டும் 'ஷோ ரன்' கட்டளைக்குப் பின்னால் 'ஆல்' என்று ஒரு சொல் சேர்த்தால் இயல்புநிலைகளையும் சேர்த்துக் கக்கும். ஆயிரக்கணக்கான வரி வரும், படிக்கச் சலிப்பாக இருக்கும். அந்தச் சலிப்புக்குப் பயந்து நான் விட்டுவிட்டேன். அடுத்த மூன்று வாரம் எனக்கு வந்த சிக்கல்களில் பாதிக்கு மேல் அந்தப் படிக்காத பக்கங்களில் இருந்தவை.

மாற்றும் இரவு சனிக்கிழமை. முறை எளிது: புதியதைப் பழையதற்கு நேர் மேலே மாட்டுவது, தனி அப்லிங்க் கொடுத்து உயிர்ப்பிப்பது, பிறகு கேபிள்களை ஒவ்வொன்றாகக் கீழிருந்து மேலே மாற்றுவது. ஒரு கருவிக்கு நான்கைந்து வினாடிதான் இணைப்பு அறும். கோரில் காலி போர்ட் இருந்தால் இந்த முறைக்கு ஈடு கிடையாது. மொத்தமாகப் பிடுங்கிப் போட்டுவிட்டு நடு இரவில் 41 கேபிளை எடுத்து எது எங்கே என்று விழிப்பது ஒரு காலத்தில் நானும் செய்ததுதான்.

பௌதிகமான விஷயங்கள் சில. புதிய ஸ்விட்சின் மின்சார முகப்பில் பழைய கேபிள் ஏறவில்லை. பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்; ஆனால் புதியதற்கு வேண்டியது சி15 முனை, எங்களிடம் இருந்தது கணினிக்குப் போடும் சாதாரண சி13. முனையில் ஒரு சின்னப் பள்ளம்தான் வித்தியாசம், அது இல்லாமல் உள்ளே போகாது. நல்லவேளை பெட்டியிலேயே சரியான கேபிள் வந்திருந்தது. தம்பி அதைக் குப்பையோடு குப்பையாகப் போடப் போனான். புதியது பழையதைவிட ஆழம் அதிகம், பின்கதவு மூடவில்லை. இன்றும் அரைக்கதவாகத்தான் நிற்கிறது. ஃபைபர் கேபிளைச் செருகும் பழைய மாட்யூல்களைப் புதியதில் போட்டபோது முதலில் லிங்க் வரவில்லை. 10 கிகாபிட் துளையில் 1 கிகாபிட் மாட்யூல் போட்டிருந்ததால் வேகத்தைக் கையால் அமைக்க வேண்டியிருந்தது. இது மேசையில் வைத்துச் சோதித்தபோதே தெரிந்துவிட்டதால் இரவில் தொல்லை இல்லை.

பிஓஇ, அதாவது நெட்வொர்க் கேபிள் வழியாகவே கருவிக்கு மின்சாரம் தருவதன் கணக்கு இன்னொன்று. போன்கள் பழைய 802.3ஏஎஃப் வகை, போர்ட் பக்கம் அதிகபட்சம் 15.4 வாட். அதோடு புதிதாக வந்த வயர்லெஸ் ஏபிக்கள் (வைஃபை பெட்டிகள்) 30 வாட் வகை. ஒரே ஒரு பவர் சப்ளையால் அத்தனையையும் தாங்க முடியாது என்று தெரிந்து இரண்டு வாங்கியிருந்தோம். ஆனால் ரேக்கின் பவர் பட்டையில் காலித் துளை ஒன்றுதான் இருந்தது. இரண்டாவது சப்ளைக்கு இடம் வேண்டுமென்றால் பழைய ஸ்விட்சின் பிளக்கைப் பிடுங்க வேண்டும்.

எங்கள் சீனியர் அண்ணன் அன்று போனில் இருந்தார். "கேபிள் எல்லாம் மாத்தின பிறகும் பழசை ஆஃப் பண்ணாத. ரெண்டு நாள் சும்மா ஓடட்டும்" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. இரவு ஒரு மணிக்கு, கடைசிக் கேபிளும் மேலே போன பிறகு, பழையதன் இரண்டு அப்லிங்கையும் கழற்றி, பிளக்கைப் பிடுங்கி, இரண்டாவது சப்ளையைச் செருகினேன். எல்லாப் போர்ட்டும் பச்சை. போன் டயல் டோன் தந்தது. பிரிண்டரில் ஒரு தாள் வந்தது. வரவேற்பறைத் திரையில் கேமரா படம் ஓடியது. சோதனைத் தாளில் எல்லாக் கட்டத்திலும் டிக் அடித்துவிட்டுக் கிளம்பினோம்.

முதல் போன் வரவேற்பறைக் காவலரிடமிருந்து, ஞாயிறு காலை. "சார், கேமரா படம் நின்னு போச்சு." திரை மென்பொருளை மூடித் திறக்கச் சொன்னேன். வந்துவிட்டது. சிறிது நேரத்தில் மறுபடி போன். மறுபடி மூடித் திறந்தார், வந்தது. மூன்றாவது முறை அழைத்தபோது எரிச்சலாகத்தான் எடுத்தேன். ஆனால் அந்த முறை அவர் சொன்னது வேறு: "சார், நான் கடிகாரம் பாத்துட்டேன். ஒவ்வொரு தடவையும் நாலு நிமிஷம் தாண்டினதும் நிக்குது. நடுவுல நிக்கறதே இல்ல."

நெட்வொர்க்கில் குறிப்பிட்ட நேரத்தில் நிகழும் கோளாறு என்றால் எங்கோ ஒரு டைமர் முடிகிறது என்று பொருள். நான்கு நிமிடம் சொச்சம் என்றதும் பொறி தட்டியது: 260 வினாடி. எங்கள் கேமராக்கள் மல்டிகாஸ்ட் முறையில், அதாவது ஒரே படத்தைக் கேட்பவர்கள் எல்லோருக்கும் தரும் முறையில், அனுப்புபவை. யார் யாருக்கு வேண்டுமோ அவர்கள் "எனக்கும் வேண்டும்" என்று ஐஜிஎம்பி செய்தி அனுப்புவார்கள். ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் என்ற வசதி இயங்கும் ஸ்விட்ச் இந்தச் செய்தியை ஒட்டுக்கேட்டு, கேட்ட போர்ட்டுக்கு மட்டும் படத்தை அனுப்பும். அத்தோடு, "இன்னும் வேண்டுமா?" என்று 125 வினாடிக்கு ஒரு முறை கேட்க நெட்வொர்க்கில் ஒருவர் இருக்க வேண்டும், அவர் பெயர் குவெரியர். இரண்டு சுற்றுக் கேள்விக்கும், கூடவே பதிலுக்கான 10 வினாடிக்கும் எந்தச் சத்தமும் இல்லையென்றால் ஸ்விட்ச் அந்தப் போர்ட்டைப் பட்டியலிலிருந்து அடித்துவிடும். 125, 125, 10. கூட்டினால் 260.

எங்கள் பழைய மாடலில் ஸ்னூப்பிங் இயல்பாகவே அணைந்திருக்கும். அது படத்தை எல்லாப் போர்ட்டுக்கும் வாரி இறைத்துக்கொண்டிருந்தது. வீண்தான், ஆனால் வேலை நடந்தது. புதிய மாடலில் ஸ்னூப்பிங் இயல்பாகவே இயங்கும். குவெரியர் மட்டும் யாரும் இல்லை. ஏனென்றால் இத்தனை நாள் அப்படி ஒருவர் தேவைப்படவே இல்லை. திரை மென்பொருள் திறக்கும்போது ஒரு முறை "வேண்டும்" என்று சொல்கிறது, படம் வருகிறது. அப்புறம் யாரும் கேட்பதில்லை, அதுவும் சொல்வதில்லை, 260 வினாடியில் துண்டிப்பு. பழைய கான்ஃபிக்கில் இதைப் பற்றி ஒரு வரியும் கிடையாது. புதியதிலும் கிடையாது. இரண்டும் அட்சரம் பிசகாமல் பொருந்திய அழகு இதுதான்.

ஸ்னூப்பிங்கை அணைத்தால் உடனே சரியாகிவிடும். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கோர் ஏ-யில் கேமரா விலானுக்குக் குவெரியரை இயக்கினேன். படம் நின்றுவிடவில்லை என்பதோடு, ஒவ்வொரு மேசைக் கணினிக்கும் தேவையில்லாமல் போய்க்கொண்டிருந்த கேமரா வெள்ளமும் அடங்கியது. சனிக்கிழமை இரவு நான் திரையைப் பார்த்தது ஒரு நிமிடம் இருக்குமா? அதற்குள் டிக் அடித்தாயிற்று. இப்போது என் சோதனைத் தாளில் கேமராவுக்கு நேராக "10 நிமிடம் பார்" என்று எழுதியிருக்கிறேன். அந்தக் காவலர் கடிகாரம் பார்க்காமல் இருந்திருந்தால் அரை நாளாவது கேமராவையும் கேபிளையும் குடைந்திருப்பேன்.

திங்கள் காலை வேறு கூத்து. பத்து மணிக்குள் மூன்று மாடியிலிருந்தும் ஒரே புகார்: இணையம் ஊர்ந்து போகிறது. சர்வரில் இருக்கும் கோப்புகள் மட்டும் சட்டென்று திறக்கின்றன. உள்ளே நன்றாக இருக்கிறது, வெளியே மோசம் என்றால் யாருடைய தவறு? இணையச் சேவை தருபவருக்குப் போன் போட்டேன். அவர்கள் பக்கம் பாதி இணைப்புகூடப் பயன்படவில்லை என்றார்கள். நம்பாமல் ஒரு மணி நேரம் வாதாடினேன். அவர்கள் சொன்னது உண்மை.

பிறகுதான் கோர் ஏ-யிலிருந்து பி-க்குப் போகும் நேரடி இணைப்பின் கணக்கைப் பார்த்தேன். தரவுப் போக்குவரத்து பூஜ்யம். லிங்க் உயிரோடு இருக்கிறது, ஆனால் ஒரு முனையில் ஸ்பானிங் ட்ரீ அதை அடைத்து வைத்திருக்கிறது. அப்படியென்றால் ஏ-யும் பி-யும் எப்படிப் பேசிக்கொள்கின்றன? மூன்றாம் மாடி ஸ்டோர் ரூமில் யாரும் எட்டிப் பார்க்காத ஒரு 24 போர்ட் ஸ்விட்ச் இருக்கிறது. அதற்குக் கிகாபிட் அப்லிங்க்கூடக் கிடையாது, 100 எம்பிபிஎஸ் கேபிள் இரண்டு. கட்டடத்தின் மொத்த இணையமும் ஏ-யிலிருந்து அந்த ஸ்டோர் ரூமுக்கு ஏறி, அங்கிருந்து பி-க்கு இறங்கிக்கொண்டிருந்தது.

ஸ்பானிங் ட்ரீயின் வேலை, இரட்டைக் கேபிள்கள் இருக்கும் நெட்வொர்க்கில் பாக்கெட்டுகள் வட்டமடிக்காமல் பார்த்துக்கொள்வது. 1985-இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் இருந்தபோது ரேடியா பெர்ல்மன் உருவாக்கிய முறை இது, 1990-இல் 802.1டி தரநிலையானது. ஸ்விட்சுகள் தங்களுக்குள் ஒன்றை வேராக, அதாவது ரூட்டாக, தேர்ந்தெடுத்துக்கொண்டு, அந்த வேரை நோக்கிய குறைந்த செலவுள்ள பாதையை மட்டும் திறந்து வைத்து மற்றதை அடைக்கும். வேரை எப்படித் தேர்ந்தெடுக்கிறது? முன்னுரிமை எண் சிறியது எதுவோ அது. யாரும் எதுவும் மாற்றாவிட்டால் எல்லோருக்கும் 32768. சமமானால் மேக் முகவரி சிறியது எதுவோ அது. ஒரே தயாரிப்பாளரின் பெட்டிகளில் பெரும்பாலும் எது பழையதோ அதன் மேக் முகவரிதான் சிறியதாக இருக்கும். வேகம், தகுதி, நடுவில் இருக்கிறதா, ஓரத்தில் இருக்கிறதா, எதுவும் பார்க்காது. வீட்டில் மூத்தவர் என்பதற்காகக் கண் தெரியாத தாத்தாவிடம் வண்டிச் சாவியைக் கொடுப்பது மாதிரி.

ஆக, இத்தனை ஆண்டும் எங்கள் நெட்வொர்க்கின் வேர் கோர் அல்ல. நான் கழற்றிய அந்த முதல் மாடி ஸ்விட்ச்தான். ஏ-க்கும் பி-க்கும் நடுவில் இருந்த நேரடி இணைப்பு அப்போதும் அடைபட்டுத்தான் இருந்திருக்கிறது. போக்குவரத்து முதல் மாடி வழியாகத்தான் போயிருக்கிறது. ஆனால் அதன் அப்லிங்க் கிகாபிட் என்பதால் யாருக்கும் உறைக்கவில்லை. சனிக்கிழமை இரவு அதைக் கழற்றியதும் அடுத்த மூத்தவரான ஸ்டோர் ரூம் பெட்டிக்குப் பட்டம் போய்விட்டது. அத்தோடு இன்னொன்று. ஏ-யில் இருக்கும் சர்வர்களிலிருந்து பி-யில் இருக்கும் பேக்கப்புக்கு ஞாயிறு இரவு பத்து மணிக்கு 600 ஜிபி கிளம்பும். கிகாபிட்டில் ஒன்றரை மணி நேரத்தில் முடிவது, 100 எம்பிபிஎஸ்ஸில் 13 மணி நேரத்துக்கு மேல் இழுக்கும். திங்கள் பத்து மணிக்கு அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, மிச்சம் மீதி இருந்த வழியையும் அடைத்துக்கொண்டு.

தீர்வு இரண்டே வரி. கோர் ஏ-யின் முன்னுரிமையை 4096, பி-யின் முன்னுரிமையை 8192. இந்த எண்ணை 4096-இன் மடங்காகத்தான் வைக்க முடியும். அமைத்த கணத்தில் மொத்த நெட்வொர்க்கும் மறுபடி கணக்குப் போடும். எங்களிடம் ஓடியது பழைய வகை ஸ்பானிங் ட்ரீ என்பதால் 15 வினாடி கேட்டல், 15 வினாடி கற்றல் என்று அரை நிமிடம் கட்டடமே மூச்சடைத்து நின்றது. பகல் பதினொன்றரைக்கு. சொல்லிவிட்டுத்தான் செய்தேன், என்றாலும் திட்டு விழுந்தது. சீனியர் அண்ணனிடம் சொன்னபோது, "ரூட் யாருன்னு முன்னாடியே பாக்கலையா?" என்று மட்டும் கேட்டார். ஒரு கட்டளை. பார்த்திருந்தால் சனிக்கிழமை காலையே முடிந்திருக்கும்.

ஸ்டோர் ரூம் பெட்டி இன்னும் அங்கேதான் இருக்கிறது. பட்டம் மட்டும் பறிபோய்விட்டது.

மற்றவை சில்லறை. யூபிஎஸ் கண்காணிப்பு அட்டை இரண்டு நாளாகப் பேசவில்லை என்று செவ்வாய்க்கிழமை தெரிந்தது. மாதத்துக்கு நாலு வார்த்தை பேசும் கருவி என்பதால் யாரும் கவனிக்கவில்லை. அது 10 எம்பிபிஎஸ் மட்டுமே தெரிந்த பழங்கால அட்டை. நான் அதைச் செருகியது மல்டிகிகாபிட் போர்ட்டில். அந்த வகைப் போர்ட்டுகளில் பல 100-க்குக் கீழே இறங்குவதே இல்லை. மேலே எவ்வளவு வேகம் போகும் என்றுதான் விளம்பரத் தாளில் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். கீழே எதுவரை இறங்கும் என்பது நுணுக்கமான அட்டவணையில் இருக்கிறது. சாதாரணக் கிகாபிட் போர்ட்டுக்கு மாற்றியதும் வந்துவிட்டது.

லேபிள் பிரிண்டர் கதை என் தவறு, முழுக்க முழுக்க. பழைய கான்ஃபிக்கில் 17-ஆம் போர்ட்டுக்கு மட்டும் "100, ஃபுல் டூப்ளெக்ஸ்" என்று கையால் எழுதியிருந்தது. ஃபுல் என்றால் ஒரே நேரத்தில் அனுப்பவும் வாங்கவும் முடியும், ஹாஃப் என்றால் ஒரு நேரத்தில் ஏதாவது ஒன்றுதான். காலாவதியான வரி, புதிய ஸ்விட்ச் தானே பேசி முடிவு செய்துகொள்ளும் என்று நினைத்து, சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று அழித்துவிட்டேன். ஒட்டும்போது ஒப்பிட்டுப் பார்த்து 'எல்லாம் பொருந்துகிறது' என்று சொன்னேனே, அதற்கு அடுத்த நாள் செய்த திருப்பணி. அந்தப் பிரிண்டரும் அதே அமைப்பில் கையால் பூட்டப்பட்டது என்று எனக்குத் தெரியாது. ஒரு பக்கம் தானாகப் பேச முயன்று மறுபக்கம் பதிலே சொல்லாவிட்டால், பேச முயன்ற பக்கம் வேகத்தைக் கண்டுபிடித்துவிடும், டூப்ளெக்ஸைக் கண்டுபிடிக்க முடியாது. ஹாஃப் என்று எடுத்துக்கொள்ளும். இப்போது பிரிண்டர் ஃபுல், ஸ்விட்ச் ஹாஃப். "இருக்கிறாயா?" என்று பிங் அடித்தால் அருமையாகப் பதில் வரும். ஒரு லேபிள் அடித்தால் வரும். இருநூறு லேபிள் அனுப்பினால் பாதியில் திக்கித் திணறும். ஸ்விட்சில் அந்தப் போர்ட்டின் கணக்கைப் பார்த்தால் தாமத மோதல்கள் ஏறிக்கொண்டே போகின்றன. லேட் கொலிஷன் என்ற அந்த எண் ஏறினால் கண்ணை மூடிக்கொண்டு டூப்ளெக்ஸைச் சந்தேகிக்கலாம். பிரிண்டரையும் தானியங்கிக்கு மாற்றிச் சரிசெய்தேன். மாற்றும் வேலையையும் சுத்தம் செய்யும் வேலையையும் ஒரே வாரத்தில் வைத்துக்கொள்வதில்லை என்று அன்று முடிவு செய்தேன். அப்படியே கொண்டுபோய் வை, ஒரு மாதம் ஓடட்டும், அப்புறம் துடை.

மூன்றாவது வாரம் எல்லாம் அடங்கியிருந்தது. பழைய ஸ்விட்ச் அதே ரேக்கில், கேபிள் இல்லாமல், புதியதற்குக் கீழே மாட்டியபடி இருந்தது. வேண்டுமென்றேதான் கழற்றவில்லை. என் திட்டத் தாளின் கடைசி வரி: "பெரிய சிக்கல் வந்தால் கேபிள்களைப் பழையதற்கு மாற்று. நேரம்: 20 நிமிடம்." மேலாளரிடம் அனுமதி வாங்கியதே அந்த வரியைக் காட்டித்தான். திங்கள்கிழமை இணையம் ஊர்ந்தபோது இரண்டு முறை அதைச் செய்யலாமா என்று யோசித்தேன்.

இனித் தேவையில்லை, அதன் கான்ஃபிக்கையும் கடவுச்சொற்களையும் அழித்துவிட்டு அகற்றக் கொடுக்கலாம் என்று ஒரு வெள்ளிக்கிழமை மாலை அதற்கு மின்சாரம் கொடுத்தேன். விசிறி அரைச் சுற்று சுற்றி நின்றது. ஒரு விளக்கும் வரவில்லை. கேபிளை மாற்றினேன், வேறு துளையில் செருகினேன். அதே அரைச் சுற்று. தம்பி கன்சோலைச் செருகிப் பார்த்தான். வெறும் கறுப்புத் திரை.

சீனியர் அண்ணனுக்குப் போன் போட்டேன். "அதான்டா ஆஃப் பண்ணாதன்னு சொன்னேன்" என்றார். ஆண்டுக்கணக்கில் அணையாமல் சூட்டிலேயே இருக்கும் பவர் சப்ளையில் கெபாசிட்டர்கள் மெல்ல மெல்ல உலர்ந்துகொண்டே வரும். ஓடும்வரை ஓடும். ஒரு முறை ஆறிவிட்டால் மறுபடி கிளப்புவதற்கு வேண்டிய தெம்பு அவற்றில் இருக்காது. அந்தச் சனிக்கிழமை இரவு ஒரு மணிக்கு நான் பிளக்கைப் பிடுங்கிய நிமிடமே அது செத்திருக்க வேண்டும்.

ஃப்ளாஷில் கான்ஃபிக் இருந்ததால் அப்படியே கொடுத்தனுப்ப முடியாது. தம்பி மூடியைக் கழற்றி, ஃப்ளாஷ் சிப்பைத் தேடிக் கண்டுபிடித்து, குறடால் உடைத்தான். நான் திட்டத் தாளை எடுத்து, கடைசி வரியில் "20 நிமிடம்" என்பதை அடித்துவிட்டு, கோப்பில் சேர்த்தேன்.